எதைக் கொண்டு அளப்பது? தென்னாப்பிரிக்கத் தமிழரின் மனப்போக்கை அறியும் வழிகள்: ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் வார இறுதித் தமிழ் வகுப்புகளை நடத்திவரும் ஒரு சங்கத்தின் கல்விக் குழுவில் நான் உறுப்பினராக இருக்கிறேன். வரும் ஆண்டுகளுக்கான திட்டத்தை வகுக்க அமர்ந்தபோது, எங்கள் முன் வந்து நின்ற கேள்வி இதுதான்: நம் மக்கள் தமிழைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், வீட்டிலும் கோயிலிலும் உண்மையில் என்ன செய்கிறார்கள், இவ்விரண்டும் ஆண்டுக்கு ஆண்டு எந்தத் திசையில் மாறுகின்றன என்பதை எப்படி அறிவது? டர்பனில் இந்தியர் செறிந்து வாழும் சாட்ஸ்வர்த்தில் ஒரு வகுப்பை மூடலாமா, அம்லாங்கா பக்கம் புதிதாக ஒன்றைத் தொடங்கலாமா, பிள்ளைகளுக்கு எழுத்து முதலா பேச்சு முதலா என்று எந்த விவாதத்தைத் தொடங்கினாலும் அது இந்தக் கேள்வியில்தான் போய் முட்டுகிறது. இளைஞர்களுக்கு ஆர்வமே இல்லை என்கிறார் ஒருவர். தம் தெருவில் காவடி எடுத்த பிள்ளைகளைச் சுட்டிக்காட்டுகிறார் இன்னொருவர். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவர் கண்டதையும் கூட்டினாலும் டர்பன் நகரத்துத் தமிழர்களின் நிலை தெரிந்துவிடாது.

எங்களுக்கு முன் உள்ள வழிகளை ஒப்பிட்டு ஒரு குறிப்பு எழுதித் தரும்படி குழு என்னிடம் கேட்டது. அந்தக் குறிப்பை விரித்தே இதை எழுதுகிறேன். மொரீஷியஸிலும் ரியூனியனிலும் மலேசியாவிலும் இதே கேள்வியோடு இருக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கு இது பயன்படலாம் என்பதால், எங்கள் நாட்டுத் தேசிய ஆய்வுகள் எப்படி இயங்குகின்றன என்பதையும் சற்று விளக்கமாகச் சொல்கிறேன்.

வழிகளை ஒப்பிடும் முன், எதை அளக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். மனப்போக்கு வேறு, நடத்தை வேறு. "உங்கள் பிள்ளை தமிழ் கற்பது முக்கியமா?" என்று கேட்டால் ஏறத்தாழ எல்லாப் பெற்றோரும் ஆம் என்பார்கள், கேட்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. "கடந்த சனிக்கிழமை உங்கள் பிள்ளை எங்கே இருந்தது?" என்ற கேள்விக்கு வரும் விடை வேறாக இருக்கும். முதற்கேள்வி விருப்பத்தைக் காட்டுகிறது, இரண்டாவது வாழ்க்கையைக் காட்டுகிறது. இரண்டுமே நமக்கு வேண்டியவைதாம், ஏனெனில் இவற்றுக்கு இடையிலான தொலைவே ஒரு வகுப்பு நிரம்புமா நிரம்பாதா என்பதைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் 1993 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வாரந்தோறும் தேவாலயம் செல்வதாகக் கருத்தாய்வுகளில் சொன்னவர்களின் பங்கையும், தேவாலயங்களில் எண்ணிப் பார்த்த தலைகளையும் ஒப்பிட்டு, உண்மையான வருகை சொல்லப்பட்டதில் பாதியளவே என்று கண்டது. கோயிலுக்குப் போவதைப் பற்றி நாம் கேட்கும்போதும் இதே மிகைப்படுத்தல் நேராது என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

இன்னொரு சிக்கல் எங்கள் நாட்டுக்கே உரியது. இங்கே "தமிழ்" என்ற சொல் மொழியை மட்டும் குறிப்பதில்லை. 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த சுமார் ஒன்றரை லட்சம் பேரில் பெரும்பகுதியினர் மதராஸ் வழியாக வந்தவர்கள். அவர்களில் தமிழரும் தெலுங்கரும் இருந்தனர். இன்று அவர்களின் வழித்தோன்றல்களில் பலர் "நாங்கள் தமிழ்" என்று சொல்லும்போது, தங்கள் வழிபாட்டு முறையையும் சடங்குகளையும் திருமண வழக்கத்தையுமே கருதுகிறார்கள். தமிழில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாதவரும் தம்மைத் தமிழர் என்பார், அது முற்றிலும் சரியே. பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்துவிட்ட ஒருவர், தாத்தா பாட்டி இருவரும் தமிழில் பேசியவர்களாக இருந்தும், "முன்பு நாங்கள் தமிழ், இப்போது கிறிஸ்தவர்கள்" என்று சொல்வதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். ஆகவே "நீங்கள் தமிழரா?" என்று ஒற்றைக் கேள்வி கேட்கும் எந்த ஆய்வும் மொழி, மரபு, சமயம் ஆகிய மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கிவிடும். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்த்திருக்கிறேன்.

கைக்கு மிக எளிதாக எட்டுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. செலவில்லை, தென்னாப்பிரிக்கப் புள்ளியியல் துறை அட்டவணைகளை வெளியிடுகிறது, நாங்கள் செய்யவேண்டியது படிப்பதும் கணக்கிடுவதும் மட்டுமே. 2022 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகை சுமார் 6.2 கோடி, அதில் இந்தியர் அல்லது ஆசியர் 2.7 விழுக்காடு. ஆனால் இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கணக்கெடுப்புக்குப் பின் நடந்த சரிபார்ப்பு ஆய்வு, மக்களில் சுமார் 31 விழுக்காட்டினர் எண்ணப்படாமல் விடுபட்டதாகக் கண்டு, அதற்கேற்ப எண்களை உயர்த்தித் திருத்தியது. 2011 இல் இந்த விடுபாடு 14.6 விழுக்காடாக இருந்தது. இந்தியர் பிரிவில் விடுபாடு நாட்டுச் சராசரியைவிட மிகக் கூடுதல். கேப் டவுன் பல்கலைக்கழகத்து மக்கள்தொகை ஆய்வாளர்கள் 2024 இல் வெளியிட்ட அறிக்கையில், இந்தக் கணக்கெடுப்பின் உட்பிரிவு எண்களை மிகுந்த கவனத்தோடு கையாள வேண்டும் என்று எச்சரித்தனர். காவல் வாயில் போட்ட குடியிருப்புகள் பெருகியிருப்பதும், அந்நியருக்குக் கதவைத் திறக்க மக்கள் அஞ்சுவதும் இதற்குக் காரணங்கள் என்பது சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒருநாள் வீடு வீடாகப் போய்வந்த எவருக்கும் புரியும்.

மொழியைப் பொறுத்தவரை நிலை இன்னும் மோசம். 1996 அரசியல் சாசனத்தின் 6 ஆம் பிரிவு, தென்னாப்பிரிக்க மொழி வாரியம் வளர்க்கவும் மதிப்பை உறுதிசெய்யவும் வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதே நாட்டின் அண்மைக் கணக்கெடுப்புகள் வெளியிடும் மொழி அட்டவணையில் தமிழ் "பிற மொழிகள்" என்ற வரிசைக்குள் மறைந்துவிடுகிறது. முன்பு அப்படி இல்லை. நிறவெறிக் கால ஆட்சி மக்களைப் பிரிப்பதிலேயே கருத்தாக இருந்ததால், இந்திய மொழிகளைத் தனித்தனியே எண்ணியது. 1960 இல் தமிழை வீட்டு மொழியாகப் பதிந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1991 இல் சில ஆயிரம் பேர் மட்டுமே. இந்தச் சரிவைக் காட்டித் தமிழ் ஒரே தலைமுறையில் அழிந்தது என்று மேடைகளில் பேசுகிறோம். சரிவு உண்மை, வீடுகளில் ஆங்கிலம் வந்து அமர்ந்ததும் உண்மை. ஆனால் முந்தைய எண்களில் ஒரு பகுதி, தமிழ் பேசியவர்களை அல்லாமல், தமிழைத் தங்கள் முன்னோர் மொழி என்று உரிமை கொண்டாடியவர்களையும் சேர்த்தே எண்ணியிருக்கும் என்பது என் கருத்து. வீட்டில் எந்த மொழி என்று கேட்டபோது, பலர் தாங்கள் யார் என்ற கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறார்கள். காலப்போக்கில் அவர்கள் அக்கேள்வியைப் புரிந்துகொண்ட விதம் மாறியது, எண்ணும் விழுந்தது. எவ்வளவு பேச்சு போயிற்று, எவ்வளவு உரிமைகோரல் போயிற்று என்று இன்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. அந்த நாளில் இரண்டு தனிக் கேள்விகள் கேட்டிருந்தால் நமக்கு இந்தத் தடுமாற்றம் வந்திருக்காது.

சமயக் கேள்வியும் இப்படியே. 1996 இலும் 2001 இலும் கேட்டார்கள், 2011 இல் விட்டுவிட்டார்கள், 2022 இல் மீண்டும் சேர்த்தார்கள். இடையில் இருபது ஆண்டுக் கணக்கெடுப்பு இடைவெளி. ஆண்டுதோறும் நடக்கும் பொதுக் குடும்ப ஆய்வு, 2002 முதல் நடப்பது, இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது; 2018 ஆம் ஆண்டு ஆய்வில் இந்தியர்களில் சுமார் 92 விழுக்காட்டினர் வீட்டில் ஆங்கிலமே பேசுவதாகப் பதிவாகியது. ஆனால் மீதி எட்டு விழுக்காட்டில் தமிழ் எவ்வளவு, குஜராத்தி எவ்வளவு, அண்மையில் குடியேறியவர்களின் மொழிகள் எவ்வளவு என்பது அந்த வரியிலிருந்து கிடைக்காது. கணக்கெடுப்பையும் குடும்ப ஆய்வையும் நாங்கள் பயன்படுத்தத்தான் போகிறோம். நம் மக்கள் எந்தப் பகுதிகளில் எத்தனை பேர், எந்த வயதினர் என்று அறிய வேறு நல்ல மூலம் இல்லை. மனப்போக்கை அறிய அவை உதவா. அவை அதற்காக உருவாக்கப்பட்டவையும் அல்ல.

மனப்போக்குக்கென்றே உருவானவை வேறு. மனித அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் 2003 முதல் நடத்திவரும் தென்னாப்பிரிக்கச் சமூக மனப்பான்மை ஆய்வு அவற்றில் முதன்மையானது. 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை, நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த 500 சிறு பகுதிகளில், வீட்டுக்கே சென்று நேரில் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1972 இலும் பிரிட்டனில் 1983 இலும் தொடங்கிய இதே வகை ஆய்வுகளின் வரிசையில் வருவது இது. பல நாடுகள் சேர்ந்து ஒரே கேள்விகளைக் கேட்கும் பன்னாட்டுச் சமூக ஆய்வுத் திட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. ஜனநாயகம், நம்பிக்கை, குடியேற்றம், ஏழ்மை, குடும்பம் என்று அது தொடாத பொருள் குறைவு. இதன் தனிச்சிறப்பு, அடிப்படைக் கேள்விகளைச் சொல் மாறாமல் ஆண்டுதோறும் கேட்பது. ஆப்பிரிக்க நாடுகளில் மக்களின் கருத்தை அறியும் ஆஃப்ரோபாரோமீட்டர் ஆய்வு 1999 இல் பன்னிரண்டு நாடுகளில் தொடங்கியது; ஆட்சி, குடிமக்கள் பங்கேற்பு ஆகியவற்றில் அதற்கு நீண்ட தொடர்ச்சி உண்டு, தரவுகளை யாரும் இலவசமாகப் பெறலாம். கேப் டவுனில் உள்ள நீதிக்கும் நல்லிணக்கத்துக்குமான நிறுவனம் 2003 இல் தொடங்கிய நல்லிணக்கக் கருத்தாய்வு, இனங்களுக்கு இடையிலான உறவைத் தொடர்ந்து அளந்துவருகிறது.

இவற்றின் தரத்தில் எனக்கு ஐயமே இல்லை. சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. இதைக் குழுவில் விளக்கியபோது பலர் வியப்படைந்ததால், கணக்கை இங்கேயும் தருகிறேன். 3,000 பேர் கொண்ட மாதிரியில் இந்தியர்கள் தங்கள் மக்கள்தொகைப் பங்கின்படி மட்டும் வந்தால் 81 பேர் இருப்பார்கள். 81 பேரிடம் கேட்டுப் பாதிப்பேர் ஆம் என்றால், உண்மை விடை 39 முதல் 61 விழுக்காட்டுக்குள் எங்கோ இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும். 1,600 பேர் கொண்ட ஆய்வில் இந்தியர்கள் 43 பேர். பிழை வரம்பு இருபுறமும் 15 புள்ளிகள். சமூக மனப்பான்மை ஆய்வு பகுதிகளை இனவாரியாகவும் அடுக்கிப் பிரித்துத் தேர்ந்தெடுப்பதால், சிறுபான்மையினர் தங்கள் விகிதத்தைவிடக் கூடுதலாக மாதிரியில் இடம்பெற முடியும். பின்னர் எடையிட்டு, அதாவது கூடுதலாக வந்தவர்களின் விடைகளுக்குக் குறைந்த மதிப்புக் கொடுத்து, அவர்கள் பங்கைச் சரிசெய்துவிடுவார்கள். ஓர் ஆண்டு மாதிரியில் 300 இந்தியர்கள் இருந்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும் வரம்பு 6 புள்ளிக்கு அருகில். ஒரே தெருவில் பலரைக் கேட்பதால் அவர்களின் விடைகள் ஒன்றுபோல் இருக்கும் தன்மையையும் சேர்த்தால் அது 8 புள்ளி வரை விரியும். இவையெல்லாம் இந்தியர் அனைவருக்கும். அவர்களில் தமிழ் மரபினரை மட்டும் பிரித்து, அதில் 35 வயதுக்குக் கீழானவர்களை மட்டும் பார்க்க விரும்பினால், கையில் எஞ்சுபவர்களை ஒரே மேசையைச் சுற்றி அமர்த்திவிடலாம்.

பல ஆண்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தால் எண்ணிக்கை கூடாதா என்று குழுவில் ஓர் ஆசிரியை கேட்டார். மிக நல்ல கேள்வி. ஐந்து ஆண்டுகளைச் சேர்த்தால் ஐந்து மடங்கு பேர் கிடைப்பார்கள்தான். ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் ஏற்பட்ட மாற்றம் கரைந்துபோகும். மாற்றத்தைப் பார்க்கத்தானே இந்த முயற்சியே. மேலும், தமிழ் வகுப்பையோ கோயிலையோ பற்றிய கேள்வி அந்த வினாத்தாளில் இல்லை. இல்லாத கேள்விக்கு எத்தனை ஆண்டைச் சேர்த்தாலும் விடை வராது.

அப்படியானால் நம் கேள்விகளையே அங்கே சேர்க்கச் சொல்லலாமே என்பது மூன்றாவது வழி. இத்தகைய தேசிய ஆய்வுகளில் அரசுத் துறைகளும் ஆராய்ச்சி அமைப்புகளும் கட்டணம் செலுத்தித் தங்களுக்கு வேண்டிய கேள்வித் தொகுதியைச் சேர்ப்பது வழக்கம். தேர்ந்த களப்பணியாளர்கள், சரியான மாதிரி, பல மொழிகளில் பெயர்த்த வினாத்தாள் எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கும். நாடு முழுவதும் முன்னோர் மொழிகளைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள், அரசுப் பள்ளிகளில் சிறுபான்மை மொழிகளைக் கற்பிக்க ஆதரவு எவ்வளவு என்று அறியவேண்டுமானால் இதைவிடச் சிறந்த வழி இல்லை. அரசிடம் கோரிக்கை வைக்கும்போது அந்த எண்ணுக்குக் கிடைக்கும் மரியாதையும் நாம் எடுத்த எண்ணுக்குக் கிடைக்காது. எனினும் நம் இப்போதைய முடிவுக்கு அது பொருந்தவில்லை. 3,000 பேரிடம் கேட்பதற்கான கட்டணத்தைக் கட்டிவிட்டு, அவர்களில் நமக்கு வேண்டிய சில டஜன் பேரின் விடையைப் பெறுவது, வயல் முழுவதற்கும் நீர் பாய்ச்சி ஒரு வரப்பில் கீரை பறிப்பது போலாகும். குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது, போர்ச்சுகீசு, கிரேக்க மொழிச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து, முன்னோர் மொழி பற்றி ஒரு பொதுத் தொகுதியைக் கொண்டுவர முன்வந்தால், செலவைப் பகிர்ந்து அதில் சேரலாம் என்பது என் பரிந்துரை. அந்தப் பேச்சைத் தொடங்குவதில் தவறில்லை, ஆனால் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

ஒரே ஆட்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கேட்கும் முறையைச் சிலர் விரும்பினார்கள். ஒரு பிள்ளை ஏழு வயதில் தமிழ் வகுப்பில் சேர்ந்து பதினேழு வயதில் என்ன ஆனது என்பதை அதுதான் காட்டும். ஒருவரின் மனம் மாறியதா, அல்லது மனம் மாறாத முதியவர்கள் மறைந்து இளையவர்கள் அவர்கள் இடத்துக்கு வந்தார்களா என்பதைப் பிரித்தறிவதும் அதனால்தான் முடியும். கேப் டவுன் பல்கலைக்கழக ஆய்வு மையம் 2008 முதல் 2017 வரை ஐந்து சுற்றுகளாக நடத்திய தேசிய வருமான இயக்கவியல் ஆய்வு, 28,000 க்கும் மேற்பட்டவர்களோடு தொடங்கிய மாபெரும் முயற்சி. அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. சுற்றுக்குச் சுற்று விலகிப்போனவர்களில் வெள்ளையரும் இந்தியரும் வசதி படைத்தவர்களும் கூடுதலாக இருந்ததால், 2017 இல் அந்தப் பிரிவினரைப் புதிதாகச் சேர்த்து மாதிரியை நிரப்ப வேண்டியதாயிற்று. அரசின் ஆதரவும் பல்கலைக்கழகத்தின் ஆள்பலமும் கொண்ட ஆய்வே நம் மக்களைப் பிடித்துவைக்க இப்படித் திணறியிருக்கும்போது, தன்னார்வலர்களைக் கொண்ட ஒரு சங்கம் அதை முயலக் கூடாது என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

இனி, சங்கங்கள் வழக்கமாகச் செய்வது. தைப்பூசக் கூட்டத்தில் படிவங்களைக் கொடுத்து வாங்குவது, அல்லது வாட்ஸ்அப் குழுக்களில் ஓர் இணையப் படிவத்தைச் சுற்றுக்கு விடுவது. நாங்களும் முன்பு அப்படிச் செய்தோம். காவடித் திருநாளில் கோயில் வாசலில் மேசை போட்டு, வந்தவர்களிடம் கேட்டோம். கோயிலுக்கு வந்தவர்களிடம் கோயிலுக்குப் போவீர்களா என்று கேட்டால் வரும் விடை எதுவாக இருக்கும்? படிவத்தை வாங்கி உட்கார்ந்து நிரப்பியவர்கள் ஏற்கெனவே எங்களை அறிந்தவர்கள், ஏற்கெனவே தமிழை விரும்புபவர்கள். அந்த விடைகளை நம்பித் தொடங்கிய ஒரு வகுப்பில் சில வாரங்களில் பிள்ளைகள் குறைந்து, அதை நடத்திய ஆசிரியைக்கு மிகுந்த மனவருத்தம் ஏற்பட்டது. அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் பேருந்தில் வந்து கற்பித்தவர். தவறு அவருடையது அல்ல. கேட்ட முறையில் இருந்தது. அந்த நினைவுதான் இந்தக் குறிப்பை இவ்வளவு கவனத்தோடு எழுத வைக்கிறது.

இணையவழி என்றாலே பயனற்றது என்று நான் சொல்லவில்லை. கோவிட் காலத்தில் ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகமும் மனித அறிவியல் ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து, தரவுக் கட்டணம் இல்லாத மோயா செயலி வழியாகப் பல மொழிகளில் ஆய்வு நடத்தின. வந்த விடைகளை வயது, இனம், கல்வி ஆகியவற்றின் தேசிய விகிதங்களுக்கு எடையிட்டுச் சரிசெய்தன. எடையிடுவதற்கு ஒப்பிட ஒரு நம்பகமான மொத்தம் அவர்களிடம் இருந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் வயது, கல்வி, ஊர் விகிதங்களைச் சொல்லும் மொத்தம் எங்கும் இல்லை. ஆகவே நம் படிவத்தில் எவ்வளவு ஆயிரம் விடைகள் வந்தாலும், அவற்றை எதற்கு எடையிடுவது என்று தெரியாமல் நிற்போம்.

எஞ்சியிருப்பது, நாமே வீடு வீடாகச் சென்று, முறையான மாதிரி எடுத்து, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் புதிய ஆட்களிடம், அதே கேள்விகளைக் கேட்கும் சிறு ஆய்வு. நான் பரிந்துரைப்பது இதைத்தான். இதன் குறைகளை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குழுவில் பெரிய வாக்குவாதம் நடந்ததும் இவற்றைப் பற்றியே.

முதல் குறை, யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது. தமிழர்களின் பட்டியல் எதுவும் இல்லை. குடும்பப் பெயரைக் கொண்டு பிள்ளை, கவெண்டர், மூட்லி, செட்டி, படையாட்சி, நாயுடு என்று தேடலாம் என்றார் ஒருவர். நாயுடு, ரெட்டி பெயருள்ளவர்களில் தெலுங்கு மரபினர் மிகுதி. அவர்களில் தம்மைத் தமிழர் என்று சொல்பவர்களும் உண்டு. வேறு குடும்பத்தில் திருமணம் செய்துகொண்ட பெண்கள் இந்தப் பட்டியலில் விழமாட்டார்கள். கலப்பு மணம் செய்த குடும்பங்கள் முழுவதும் தவறிப்போகும். நம் மொழியின் எதிர்காலத்தைப் பற்றி மிகப் புதிய செய்தியைச் சொல்லக்கூடியவர்கள் அந்தக் குடும்பங்களே என்பதால், இந்தக் குறை என்னால் ஏற்க முடியாதது. அதற்குப் பதில், கணக்கெடுப்பின் சிறு பகுதி எண்களைக் கொண்டு இந்தியர் கணிசமாக வாழும் பகுதிகளைப் பட்டியலிட்டு, அவற்றிலிருந்து 60 பகுதிகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஒவ்வொன்றிலும் 10 வீடுகளில் கேட்கலாம். மொத்தம் 600 பேர். 40 பகுதிகளில் பதினைந்து பதினைந்தாகவும் 600 பேரைக் கேட்கலாம், அலைச்சல் குறையும். ஆனால் அண்டை வீட்டார் ஒன்றுபோல் விடை சொல்வதால் அதிலிருந்து கிடைக்கும் செய்தி குறைவு. வாசலிலேயே "உங்கள் பெற்றோர், தாத்தா பாட்டிகளில் எவரேனும் தமிழ் பேசினார்களா?" என்று கேட்டு வடிகட்ட வேண்டும். பத்துத் தமிழ் வீடுகளைக் கண்டடைய இருபது, முப்பது கதவுகளைத் தட்ட நேரிடலாம்.

வீட்டுக்குள் யாரிடம் கேட்பது என்பதும் குலுக்கலாகவே இருக்க வேண்டும். கதவைத் திறப்பவரிடமே கேட்டால், பகலில் வீட்டில் இருக்கும் பாட்டிமார்களின் கருத்தாகவே ஆய்வு முடிந்துவிடும். வீட்டில் உள்ள பெரியவர்களை வயதுவாரியாக எழுதி, முன்கூட்டியே தீர்மானித்த அட்டவணையின்படி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை 1949 இல் லெஸ்லி கிஷ் வகுத்தார். தேசிய ஆய்வுகள் அதன் வழியில்தான் நடக்கின்றன. தேர்வானவர் வேலையிலிருந்து மாலை ஆறு மணிக்குத்தான் வருவார் என்றால், மாலை ஆறு மணிக்கு மறுபடியும் போகத்தான் வேண்டும்.

இரண்டாவது குறை, 600 பேரைக் கொண்டு எவ்வளவு சிறிய மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்பது. இரண்டு சுற்றுகளுக்கு இடையில் ஏறத்தாழ 7 புள்ளிகளுக்குக் குறைவான எந்த ஏற்ற இறக்கத்தையும் நாம் மாற்றம் என்று அறிவிக்கக் கூடாது. வீட்டில் தமிழ்ப் பாடல் கேட்பவர்கள் 44 லிருந்து 47 விழுக்காடாக உயர்ந்தால், ஆண்டறிக்கையில் அதை வெற்றி என்று எழுத ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் அளவுகோலை வைத்துக்கொண்டும் கண்ணை மூடிக்கொண்டதாகிவிடும். இந்த எல்லையை முதற்சுற்றுக்கு முன்பே தீர்மானமாக எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று குழுவிடம் கேட்டிருக்கிறேன்.

மூன்றாவது, இந்தியர் செறிந்து வாழாத இடங்களுக்குச் சென்றுவிட்டவர்கள். ஜோகன்னஸ்பர்க் வடபகுதிகளிலும் வெளிநாடுகளிலும் உள்ள நம் பிள்ளைகளை இந்த ஆய்வு தொடாது. ஆகவே இது தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் ஆய்வு என்று பெயர் பெறக் கூடாது. குவாசூலு-நட்டாலின் இந்தியக் குடியிருப்புகளில் வாழும் தமிழ் மரபினரின் ஆய்வு என்றே தலைப்பில் எழுத வேண்டும். பெயர் நீளம்தான், ஆனால் உண்மை.

இந்தக் குறைகளோடும் இதை நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், தேசிய ஆய்வுகளிலிருந்து நாம் கடன் வாங்கக்கூடியது ஒன்று இருப்பதே: அவர்களின் கேள்விகள். அண்டை வீட்டாரை நம்புகிறீர்களா, சமயம் உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு முக்கியம், வழிபாட்டுக்கு எத்தனை முறை செல்கிறீர்கள் போன்ற கேள்விகளை, அவற்றின் விடைப் படிநிலைகளோடு, ஒரு சொல்லும் மாற்றாமல் எடுத்துக்கொள்ளலாம். அப்போது நம் 600 பேரின் விடையை நாட்டின் விடையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். வழிபாட்டுக்குச் செல்வது நம்மிடையே குறைந்தால், அது நமக்கு மட்டும் நேர்ந்ததா, நாடு முழுவதும் எல்லாச் சமயத்தாரிடமும் நேர்ந்ததா என்பது தெரியும். நம் சொந்தக் கேள்விகளை அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் மட்டுமே வைக்க வேண்டும், ஏனெனில் முன்னால் கேட்ட கேள்வி பின்னால் வருவதற்கான விடையைச் சாயவைக்கும்.

மொழியைப் பற்றிய கேள்வியை மூன்றாகப் பிரித்திருக்கிறேன். முன்னோர் எந்த மொழி பேசினார்கள்? நீங்கள் கடந்த ஏழு நாட்களில், வழிபாட்டுக்கு வெளியே, எந்த எந்த மொழியில் பேசினீர்கள்? தமிழில் பேசினால், எழுதினால் உங்களுக்கு எவ்வளவு புரியும்? உறவு முறைகளுக்கும் சமையலுக்கும் தமிழ்ச் சொற்களைப் புழங்கிக்கொண்டே ஆங்கிலத்தில் வாழும் வீடுகள் நம்மிடையே மிகுதி என்பதால், அந்தச் சொற்களைப் பற்றித் தனியே ஒரு கேள்வியும் உண்டு. சமயம் வேறொரு பக்கத்தில், வேறொரு கேள்வியாக இருக்கும்.

வினாத்தாள் தமிழில் இருக்க வேண்டும் என்று ஒரு மூத்த உறுப்பினர் வற்புறுத்தினார். அவருடைய உணர்வை மதிக்கிறேன்; தமிழ்ச் சங்கம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் விடை சொல்லும் ஆய்வு, நாம் யாரை அறிய விரும்புகிறோமோ அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஆங்கிலத்தில் கேட்போம், விரும்புவோருக்குத் தமிழ் வினாத்தாளும் கையில் இருக்கட்டும். அவ்வாறே, கேட்கச் செல்பவர்கள் தமிழ் ஆசிரியர்களாகவோ கோயில் நிர்வாகிகளாகவோ இருக்கக் கூடாது. ஆசிரியை எதிரே அமர்ந்து கேட்கும்போது, பிள்ளையை வகுப்புக்கு அனுப்பவில்லை என்று எந்தத் தாயும் மனம் திறந்து சொல்லமாட்டார். பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழக மாணவர்களைப் பயிற்சி கொடுத்து அமர்த்துவது நல்லது. சமயமும் இனமும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி சிறப்புப் பாதுகாப்புக்குரிய தகவல்கள். அச்சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருப்பதால், ஒப்புதல் படிவமும், பெயரையும் முகவரியையும் விடைகளிலிருந்து பிரித்து வைக்கும் ஏற்பாடும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

குழு இதை ஏற்றுக்கொண்டது. மாதம் குறித்து மட்டும் பேச்சு நீண்டது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிக் கேட்பதால், எந்த வாரத்தில் கேட்கிறோம் என்பது விடையை மாற்றும். தைப்பூசத்தை ஒட்டிக் கேட்டால் கோயில் நிரம்பியிருக்கும். புனித வெள்ளி வாரத்தில் மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் திருவிழாவுக்கு ஊரே திரண்டிருக்கும். ஆடியில் வீட்டுக்கு வீடு கூழ் ஊற்றும் வழிபாடு. அதன்பின் புரட்டாசி விரதமும் தீபாவளியும். இவை எதுவும் குறுக்கிடாத மே மாதத்தின் நடு இரண்டு வாரங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். முதற்சுற்றுக்கு முன் மெரெபாங்கில் முப்பது வீடுகளில் வினாத்தாளைச் சோதித்துப் பார்ப்போம். சோதனைக்குப் பின் சொற்களை இறுதியாக்கிப் பூட்டிவிட்டு, மூன்று ஆண்டுகள் கழித்து, அதே மே மாதத்தில், அதே சொற்களோடு மறுபடியும் கதவைத் தட்டுவோம்.